ஓடும் செயினில் துணி வைக்காதீர்கள்



பதிவு கொஞ்சம் நீளம். முழுதாகப் படிக்க நேரமில்லை என்பவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது எடுத்துக்கொண்டு போங்கள்: வண்டியின் செயினைத் துடைக்கும்போது இன்ஜின் ஓடக் கூடாது. சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

போகிக்கு இன்னும் நாலு நாள்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சேறு குடித்த வண்டிகள் எல்லாம் எங்கள் தெருவில் வாசலுக்கு வந்துவிட்டன. நேற்றுக் காலை நடைப்பயிற்சிக்குப் போகும்போது பார்த்தேன். மூன்றாவது வீட்டுப் பையன், கல்லூரியில் படிப்பவன், வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, ஸ்டார்ட் செய்து, கியரும் போட்டுவிட்டான். பின்சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பனியன் துணியை ஓடுகிற செயினில் பிடித்துக்கொண்டிருக்கிறான். நான் போட்ட சத்தத்தில் அவன் அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டார்.

"ஏன் சார் பயப்படுறீங்க? முதல் கியர்தான் போட்டிருக்கேன். மெதுவாத்தான் சுத்துது. வீடியோல எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. அஞ்சு நிமிஷ வேலை" என்றான்.

அந்த அஞ்சு நிமிஷத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

என் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்பில் என்னிடம் சேர்ந்தவன். விஜயதசமி அன்று தாம்பாளத்தில் பரப்பிய நெல்லில் அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன்பு தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தான். தட்டை இடது கையால் நீட்டினான். "ஏண்டா, வலது கையால் கொடுக்கணும்னு நான் சொல்லித் தரலையா?" என்று பழைய வாத்தியார் புத்தியில் கேட்டுவிட்டேன். வலது கையைக் காட்டினான். ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. நடுவிரலில் நுனி இல்லை.

"செயின் துடைச்சேன் சார்" என்றான். இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு. துணியின் ஒரு முனை பல்சக்கரத்தில் மாட்டியிருக்கிறது. துணியோடு விரலும் போயிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் காயத்தில் காபித்தூளை அப்பி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். துண்டான விரலைத் தேடி எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு இன்னொன்றும் சொன்னான். "நீங்க சனிக்கிழமை பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில துடைப்பீங்களே சார், அதே மாதிரிதான் நானும் துடைச்சேன்."

குற்றம் சாட்டும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது இன்னும் கனமாக இருக்கிறது. உண்மைதான். பல ஆண்டுகள் நானும் என் வண்டியை அப்படித்தான் துடைத்தேன். அவன்தான் எனக்குத் துணி எடுத்துக் கொடுப்பான். கரும்பலகையில் எழுதுவதைத்தான் பிள்ளைகள் நம்மிடம் கற்றுக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேப்பமரத்தடியிலும் பாடம் நடந்திருக்கிறது.

ஆகவே இந்த விஷயத்தில் முதல் குற்றவாளி நானே. என் விரல்கள் பத்தும் இருப்பது என் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம். குற்றத்தை ஒப்புக்கொண்டதால் சத்தம் போடும் உரிமை எனக்குக் குறைந்துவிடவில்லை. கூடியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

"மெதுவாத்தான் சுத்துது" என்றானே, அந்த மெதுவுக்குக் கணக்குப் போடுவோம். நூறு சிசி வண்டியில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டாலே இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1400 சுற்று சுற்றும். முதல் கியரில் அது குறைந்து, செயினை இழுக்கிற முன்பல்சக்கரத்துக்கு வரும்போது சுமார் 120 சுற்று. அந்தச் சக்கரத்துக்கு 14 பல் என்று வையுங்கள். ஒரு பல் நகர்ந்தால் செயின் அரை அங்குலம் நகரும். 120 × 14 × ½ = 840 அங்குலம், ஒரு நிமிடத்துக்கு. நொடிக்கு 14 அங்குலம். ஒரு அடிக்கும் மேல்! வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கையின் வேகம். ஆபத்து என்று உணர்ந்து கை பின்வாங்கத் தொடங்குவதற்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி ஆகும். அதற்குள் செயின் கிட்டத்தட்ட 3 அங்குலம் ஓடிவிடும். உங்கள் ஆள்காட்டி விரலை அளந்து பாருங்கள். ஏறத்தாழ அதே 3 அங்குலம்தான் இருக்கும். முதல் கியரிலேயே இந்தக் கதி. டாப் கியரில் செயின் இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஓடும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சக்கரத்தை நாமே கையால் மெதுவாகச் சுற்றும்போது விரல் லேசாக நசுங்கினாலும் வலிக்கும், கை நிற்கும், சக்கரமும் நிற்கும். இன்ஜினுக்கு வலிக்காது. அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

நான் இதைச் சொன்னால் மூன்று பதில்கள் வருகின்றன.

முதல் பதில்: "பத்து வருஷமா இப்படித்தான் பண்றேன், ஒண்ணும் ஆகல." என் மாணவனும் அதற்கு முந்தைய நாள் வரை இதைத்தான் சொல்லியிருப்பான். பத்து வருடம் ஒன்றும் ஆகாமல் இருப்பதற்கும், பதினோராவது வருடம் ஆவதற்கும் நடுவில் துணியின் ஒரு நூல் பிரிந்தால் போதும்.

இரண்டாவது பதில்: "கையால சுத்தினா நேரம் ஆகும் சார்." ஆகட்டுமே! செயினுக்கு மட்டும் இருபது நிமிடம் ஆகும். இரண்டரை மாதம் சேற்றில் ஓட்டிய வண்டிக்கு இருபது நிமிடம் இல்லையா? மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டுகிறோம். ஏர் பூட்டி ஓட்டிக்கொண்டே யாராவது மாட்டைக் குளிப்பாட்டுவார்களா? அவிழ்த்து, நிறுத்தி, தடவிக்கொடுத்துத்தானே தேய்க்கிறோம்? உழைத்த மாட்டுக்கு இருக்கிற மரியாதை உழைத்த வண்டிக்கு வேண்டாம் என்றாலும், உங்கள் விரலுக்காவது கொடுங்கள்.

மூன்றாவது பதில்: "நான் ஏன் கஷ்டப்படணும்? வாட்டர் சர்வீஸுக்கு விட்டுடுறேன்." விடுங்கள், தவறில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நம் டயரில் அடிக்கும் காற்று 25, 30 பவுண்டு. அந்தத் தண்ணீர்த் துப்பாக்கியின் அழுத்தம் பல நூறு பவுண்டு. அதைச் சக்கரத்தின் நடுவிலும், ஹாண்டில்பார் கோன் செட்டிலும், ஒயர்கள் சேரும் இடத்திலும் நேராகப் பிடித்தால், வெளியே இருக்கும் சேறு போகும். உள்ளே இருக்கும் கிரீஸும் போகும். அந்த இடத்தில் தண்ணீர் போய் உட்காரும். வண்டி அன்றைக்குப் பளபளக்கும். பேரிங் இரண்டு மாதம் கழித்துச் சத்தம் போடும். சூடான இன்ஜினில் அப்படியே தண்ணீரைப் பாய்ச்சுவது இன்னொரு கொடுமை.

சில இடங்களில் கடைசியாக டீசலையோ பழைய இன்ஜின் ஆயிலையோ அடித்து மினுமினுப்பு ஏற்றுவார்கள். அந்த எண்ணெய் பிரேக் டிரம்மிலும் டிஸ்க்கிலும் டயரிலும் படிந்தால் என்ன ஆகும்? என் வண்டியையே ஒருமுறை அப்படி விட்டேன். வெளியே வந்து முதல் வேகத்தடையில் பிரேக்கை அழுத்துகிறேன், பிடிக்கவில்லை. எதிரே யாரும் வராததால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். டயருக்குக் கறுப்புப் பாலிஷ் போடுவதும் இதே கதைதான். இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயும். சாயும்போது டயரின் ஓரம்தான் தரையைப் பிடிக்க வேண்டும். அந்த ஓரத்தில் வழுக்குகிற பொருளைப் பூசுவதற்குக் காசு வேறு கொடுக்கிறோம்!

நம் வழக்கத்தில் இன்னொரு கோணல் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். நல்லதுதான். ஆனால் அடுத்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை. பூஜைக்குக் கழுவிய வண்டி அதன் பிறகு மார்கழி வரைக்கும் சேற்றிலேயே கிடக்கிறது. நிஜமாகக் கழுவ வேண்டிய காலம் இப்போதுதான்.

அதிலும் எங்கள் டெல்டாப் பக்கத்துச் சேறு வெறும் சேறு இல்லை. சம்பாவுக்கு மேலுரம் போட யூரியாவும் பொட்டாஷும் இதே வண்டியில்தான் மூட்டையாகப் போகின்றன. நாம் பொட்டாஷ் என்று வாங்குவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பின் உடன்பிறப்பு. கேரியரிலும் மட்கார்டு இடுக்கிலும் சிந்தி, ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரித்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருக்கிற உறவுகளுக்குக் கடல் காற்றின் உப்பு வேறு. ஆகவே "காய்ந்தால் தானா உதிர்ந்துடும்" என்று விட்டுவிடாதீர்கள். சேறு உதிரும். உப்பு உதிராது. தண்ணீர்தான் அதைக் கரைக்கும்.

சரி, எப்படித்தான் கழுவுவது? நான் மெக்கானிக் இல்லை. கையேட்டைப் படித்தும், எங்கள் ஊர் மெக்கானிக் தம்பியிடம் கேட்டும், தப்புச் செய்து திருந்தியும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். வரிசையாகச் செய்யுங்கள்.

1. வண்டி ஆறட்டும். ஓட்டி வந்து அரை மணி நேரமாவது நிற்கட்டும். சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். கெட்டியான, சமமான தரையில் மெயின் ஸ்டாண்டு போடுங்கள். ஈர மண்ணில் ஸ்டாண்டு புதையும், வண்டி உங்கள் மேலேயே சாயும்.

2. கை விடுவதற்கு முன் கண்ணை விடுங்கள். மழையில் பல நாள் நின்ற வண்டியின் சீட்டுக்கு அடியிலும் ஹெட்லைட் பக்கத்திலும் தேள் இருக்கலாம், பாம்புக் குட்டியும் இருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள். குச்சியால் தட்டுங்கள். சைலன்சரில் ஒட்டியிருக்கும் வைக்கோலை அப்போதே எடுத்துவிடுங்கள். காய்ந்தால் அது தீப்பிடிக்கும்.

3. காய்ந்த சேற்றைத் துணியால் தேய்க்காதீர்கள். சேற்றில் மணல் இருக்கிறது. மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7, ஜன்னல் கண்ணாடி ஐந்தரை. கண்ணாடியையே கீறுவது உங்கள் பெயின்ட்டை விடுமா? குவளையாலோ சாதாரணக் குழாயாலோ நிறையத் தண்ணீர் விட்டு, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். மட்கார்டுக்கு அடியில் அப்பியிருப்பதை மரக்குச்சியால் தள்ளினால் கட்டியாக விழும். சைலன்சர் வாயிலும் ஏர் பில்டர் பக்கமும் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. துணி துவைக்கும் பவுடர் வேண்டாம். அதன் காரம் பெயின்ட்டையும் அலுமினியத்தையும் மங்கவைக்கும். வண்டிக்கென்று விற்கும் ஷாம்பு கொஞ்சம் போதும். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச நல்ல தண்ணீர். ஒரே வாளி என்றால் கழுவிய மணலையே திரும்பப் பூசுகிறோம் என்று அர்த்தம்.

5. இப்போது செயின். பெட்ரோலைத் தொடவே வேண்டாம். பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பற்றிக்கொள்ளும் ஆவியை விடுகிற பொருள் அது. அந்த ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து, தூரத்தில் யாரோ போட்ட பீடித்துண்டு வரைக்கும் போகும். மண்ணெண்ணெயோ செயின் கிளீனரோ போதும், அதையும் அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். செயினுக்கும் டயருக்கும் நடுவில் ஓர் அட்டையைச் செருகுங்கள். வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும். துணிக்குப் பதில் பழைய டூத் பிரஷ். சக்கரத்தைப் பின்பக்கமாகக் கையால் கொஞ்சம் சுற்றுங்கள். நிறுத்துங்கள். நின்ற பிறகு கீழ்ப்பக்கச் செயினின் நடுப்பகுதியைத் தேயுங்கள். பல்சக்கரத்தின் அருகே கை போகக் கூடாது. ஒரு கை சக்கரத்தைச் சுற்ற, மறு கை தேய்க்க என்று ஒரே நேரத்தில் இரண்டும் வேண்டாம். சுற்று, நிறுத்து, தேய். வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்யுங்கள். சுற்று, நிறுத்து, தேய்.

மெயின் ஸ்டாண்டு இல்லாத வண்டியைச் செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். சைடு ஸ்டாண்டில் நிறுத்தித் தெரிகிற பகுதியைத் தேயுங்கள். பிறகு வண்டியைக் கொஞ்சம் உருட்டி, மறுபடி நிறுத்தி, அடுத்த பகுதி. அவ்வளவுதான்.

6. செயின் நன்றாகக் காய்ந்த பிறகு 90 நம்பர் கியர் ஆயிலோ செயின் ஸ்பிரேயோ அளவாக விடுங்கள். இதற்கும் இன்ஜின் ஓட வேண்டியதில்லை. வழிவதைத் துடைத்துவிடுங்கள், டயரில் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. வேஸ்ட் ஆயில் வேண்டவே வேண்டாம். அதில் உலோகத் துகள் இருக்கிறது, தோலுக்கும் கெடுதல், வாய்க்காலுக்கும் கெடுதல்.

7. பிரேக் டிரம்மைத் திறக்க நேர்ந்தால் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றும் பிடிக்காதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கலாம். அது புற்றுநோய் தரும் பொருள். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

8. கழுவி முடித்ததும் நேரே பெரிய ரோட்டுக்குப் போகாதீர்கள். நனைந்த பிரேக் பிடிக்காது. தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, இரண்டு பிரேக்கையும் லேசாகப் பலமுறை அழுத்திக் காயவைத்து, பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே போங்கள்.

இப்படிக் கழுவுவதில் ஒரு லாபமும் உண்டு. கை போகிற இடத்துக்கெல்லாம் கண்ணும் போகும். டயரில் ஏறிய ஆணி, தளர்ந்த நட்டு, விரிசல் விட்ட மட்கார்டு எல்லாம் அப்போதுதான் தெரியும். துப்பாக்கித் தண்ணீர் இதையெல்லாம் உங்களுக்குக் காட்டாது.

செயின் கவரைக் கழற்றி வீசிவிட்டு "ஸ்டைல்" என்று சொல்லும் என் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தகடு சேற்றைத் தடுக்கிறது. பின்னால் உட்காரும் உங்கள் அம்மாவின் புடவையையும் பக்கத்தில் நிற்கும் குழந்தையின் விரலையும் தடுப்பதும் அதுதான். திரும்ப மாட்டுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். வண்டி கழுவும்போது சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வந்து குந்துவார்கள். சுற்றுகிற எதையும் தொட்டுப் பார்ப்பது அவர்கள் இயல்பு. செயின் வேலை முடியும் வரை அவர்களைத் திண்ணையில் உட்கார வையுங்கள். பார்க்கட்டும், தொட வேண்டாம். ஆனால் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது உங்கள் நினைவில் இருக்கட்டும். எனக்கு இல்லாமல் போன நினைவு அது.

யாருக்கும் தேவைப்படக் கூடாது. இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விரல் துண்டாகிவிட்டால் காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். துண்டான பகுதியைத் தேடி எடுங்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாய் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸில் வைத்தால் கெட்டுவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. எல்லா விரலையும் ஒட்ட முடியாது. ஆனால் எடுத்துப் போகாத விரலை யாராலும் ஒட்ட முடியாது.

நேற்று அந்தப் பையன் இன்ஜினை நிறுத்தினான். என் வயதுக்காக நிறுத்தினானா, கணக்குக்காக நிறுத்தினானா தெரியாது. டூத் பிரஷ் எடுத்து வரச் சொல்லிப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். இருபத்து மூன்று நிமிடம் ஆனது. அவனுக்கு அலுப்புத்தான், எனக்குக் காபி கிடைத்தது.

இந்த நாலு நாளில் உங்கள் வீட்டிலும் யாராவது வண்டியோடு வாசலில் உட்காருவார்கள். மகனோ, மருமகனோ, தம்பியோ. இன்ஜின் சத்தம் கேட்டால் வெளியே போய்ப் பாருங்கள். சத்தம் போடுங்கள். "எங்க சார் சொன்னார்" என்று என்மேல் பழியைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பழி எனக்குச் சம்மதம்.

அந்த மாணவன் இப்போது இடது கையால் எழுதப் பழகிவிட்டான். எழுத்து அழகாகவே இருக்கிறது.

அனைவருக்கும் பொங்கல் நல்வாழ்த்துகள். பத்து விரலும் பத்திரம்.

அன்புடன்,
உங்கள் சார்